கண்ணுக்கு ஒரு மூடி

ருஸ்தவியில், எஃகு ஆலைக்குப் போகும் சாலையில்
பேருந்துக்காக நான் காத்து நின்றது
ஒரு மீனின் வயிற்றுக்குள்.

மிகையில்லை. நிறுத்தத்தின் கூரையே மீன்தான்.
சிமெண்டை வளைத்து, உடம்பெங்கும்
நகத்தளவு ஓட்டுச் சில்லுகள் பதித்தது.
வால் பக்கம் பச்சை, செவுள் பக்கம் ஆரஞ்சு,
நடுவில் பெயர் சொல்ல வராத ஒரு நீலம்.
செய்தவர் யார் என்று ஓர் எழுத்து கிடையாது.
"லாஷா, உனக்கு மூளை இல்லை" என்று மட்டும்
அடிவயிற்றில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்.

பதினோரு ஆண்டுகள். காலை ஏழு நாற்பது.
பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.
முதுகைச் சாய்த்தேன்.
ஈரக் குடையை மடக்கித் துடுப்பில் மாட்டினேன்.
வேதியியல் தேர்வன்று செதில்களை எண்ணத் தொடங்கினேன்;
எழுபதைத் தாண்டியதில்லை, வண்டி வந்துவிடும்.
பீன்ஸ் ரொட்டி தின்ற எண்ணெய்க் கையை
அந்த நீலத்தில்தான் துடைப்பேன்.
நான் மன்னிப்புக் கேட்டதில்லை,
அது எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

கண் இல்லை அதற்கு.
நான் பிறக்கும் முன்பே சில்லு உதிர்ந்து
வட்டமாய் ஒரு பள்ளம்.
ஊர் அதைச் சும்மா விடவில்லை,
ஆளாளுக்கு வந்து கண் திறந்தார்கள்.
ஒரு வாரம் பேரிக்காய் சோடாவின் மூடி.
ஒரு வாரம் மென்று சலித்த சூயிங்கம்.
பனிக்காலத்தில் யாருடையதோ கோட்டுப் பொத்தான்.
ஒருமுறை வால்நட்டின் பாதி ஓடு,
அன்று முழுக்க மீன் ஏதோ யோசனையில் இருந்தது.
இரவு ஷிப்ட் முடிந்து வந்த வெல்டர் ஸுரிகோ
ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனார்.
ஒரு மாதம் எவராலும் கழற்ற முடியவில்லை.
ஒரு மாதம் அதற்கு அடங்காத கோபம்.

அதே உடம்பு, அதே வாய்.
சோடா மூடியில் அசடு,
பொத்தானில் கணக்கு வாத்தியார்.
இதை எனக்கு
எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது திபிலிசியில் பாடநூல்களுக்குப் படம் வரைகிறேன்.
இதயத்தின் அறைகள், எரிமலையின் குறுக்குவெட்டு,
தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் வரிசை.
பதிப்பாசிரியர் மக்வாலா ஒருநாள்
என் தாள்களை மேசையில் பரப்பினாள்.
"கெண்டைக்குக் கண் ஏன் வெறும் வட்டம்?
சுறாவுக்கும் அப்படியே. இந்தத் திமிங்கலத்துக்கும்.
நான்காம் வகுப்புப் பிள்ளைகள், பயந்துவிடும்."

மறதி என்றுதான் சொன்னேன்.
வீடு திரும்பும் வழியில் உறைத்தது:
யாராவது வந்து வைப்பார்கள் என்று
கை இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறது.

உங்கள் நீலம் எங்கிருந்து வருகிறது என்று
ஒரு பேட்டியில் கேட்டார்கள். கடலிலிருந்து என்றேன்.
பொய். கடலை நான் பார்த்தது இருபத்தாறு வயதில்.
அன்று அது சாம்பல் நிறமாக இருந்தது.

சென்ற மார்ச்சில், ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட
ருஸ்தவிக்குப் போனேன்.
நகராட்சி மீனைக் குளிப்பாட்டியிருந்தது.
விடுபட்ட சில்லெல்லாம் சேர்ந்து நேர்வரிசை.
லாஷாவுக்கு மூளை திரும்பியிருந்தது.
கண்ணும் பதித்திருந்தார்கள்:
கறுப்புக் கண்ணாடி, வெள்ளை விளிம்பு,
குறை சொல்ல இடமில்லை.
முதல்முறையாக அது என்னைப் பார்த்தது,
முகவரி கேட்கும் அந்நியரைப் பார்ப்பது போல.

பக்கத்தில் ஒரு பையன்,
காதில் பாட்டு, முதுகு செவுளில்,
விரல்கள் அந்த நீலத்தின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.
அவன் பார்க்கவில்லை. நல்லது.
நானும் எதையும் காட்டவில்லை.

வண்டிக்கு இன்னும் நான்கு நிமிடம்.
அவன் ஏறிப் போகட்டும் என்று இருந்தேன்.
பையில் பேரிக்காய் சோடா இருந்தது.
திறந்து குடித்தேன்,
தாகமே இல்லாமல்.