ரோமம் போகும் திசை

புடுவில் மூன்றாவது மாடி.
கீழே வறுத்த வாத்துக்கடை, மேலே பல் டாக்டர்,
அதற்கும் மேலே நாங்கள்:
முப்பத்துமூன்று டிகிரியில்
குளிருக்குத் தைக்கிறவர்கள்.

பில்லில் ரோமம் என்று எழுதுவோம்.
அதன் இன்னொரு தமிழ்ப்பெயர்
ஊசி குத்தினால் மட்டும் வாயில் வரும்.

இதயவாணி கல்கரிக்குப் போகிறாள்.
எண்ணெய்க் கம்பெனி, மூன்று வருஷ ஒப்பந்தம்.
வெள்ளிநரித் தோல் இரண்டு கொண்டுவந்தாள்,
திரங்கானுவில் நெய்த சொங்கெட் இரண்டு மீட்டர்.
முதுகுக்குச் சொங்கெட், முன்பக்கத்துக்கு நரி.
"ரெண்டும் ஒரே கோட்டுல வரணும் அக்கா" என்றாள்,
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை
ஒரே மேசையில் உட்காரவைக்கச் சொல்வதுபோல.

சொங்கெட்டுக்குச் சூடு வேண்டும்.
பின்னால் பசைத்துணி வைத்து அழுத்தாவிட்டால்
வெட்டிய இடத்தில் ஜரிகை நூல்நூலாய் ஓடிவிடும்.
தோலுக்குச் சூடு ஆகாது,
தணலில் காட்டிய அப்பளம்போல் சுருண்டுகொள்ளும்.
ஆகவே இஸ்திரி எல்லாம் முடித்து
பெட்டி ஆறிய பிறகுதான்
இரண்டுக்கும் அறிமுகம்.
அப்போதும் நேரடியாக இல்லை.
தோலின் ஓரத்தில் பருத்தி நாடா ஒன்று தைத்து
அந்த நாடாவைத்தான் சொங்கெட்டோடு சேர்ப்பேன்.
தரகர் இருந்தால் கிழிசல் குறைவு.

கத்தரிக்கோல் கூடாது.
தோலைக் கவிழ்த்துப் போட்டு
பிளேடு முனையால் தோலை மட்டும் கீற வேண்டும்.
அடியில் இருக்கும் முடிக்குச்
சேதியே போகக் கூடாது.

அன்றைக்கு மின்சாரம் போனது. ஏசி நின்றது.
முழங்கை வரை நரி ஒட்டிக்கொண்டது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இடது முன்பக்கத்தைக் கீறி முடித்தேன்.
விளக்கு வந்ததும் திருப்பிப் போட்டுத் தடவினேன்.
வலது, தோளிலிருந்து இறங்குகிறது.
இடது, இடுப்பிலிருந்து ஏறுகிறது.

அந்தத் தமிழ்ச்சொல்லைச் சொன்னேன்.
எதிரே நூல் கோத்துக்கொண்டிருந்த ரொஹானிக்குத்
தமிழ் தெரியாது.
புரிந்தது.

துணி மன்னிக்கும்.
பிரித்து, தண்ணீர் தெளித்து, நகத்தால் தேய்த்தால்
ஓட்டை மூடிக்கொள்ளும்.
தோலில் போட்ட துளை போட்டதுதான்.
மூன்றாவது நரி எங்களிடம் இல்லை.

குறுக்கே கீறு, விரல் அகலம், என்றாள் ரொஹானி.
ஒவ்வொன்றாய்த் திருப்பி வை.

பதினேழு பட்டை.
எல்லாவற்றையும் திருப்பினால் தப்பு மறைந்துவிடும்,
ஆனால் பதினாறு தையல்
நாங்கள் எதற்கு என்று கேட்டு நிற்கும்.
ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பினேன்.
நடுநடுவே கறுப்பு ஆட்டுத்தோல் வார்,
முப்பட்டை ஊசி, மெழுகு தேய்த்த நூல்.
தையலில் மாட்டிய முடியையெல்லாம்
ஸ்வெட்டர் ஊசியால் நெம்பி வெளியே எடுத்தேன்.
ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே,
ஐந்து மணி ஜாலான் புடுபோல.

இதயவாணி போட்டுப் பார்த்தாள்,
கண்ணாடி முன் வியர்த்தாள்,
இடப்பக்கத்தைத் தடவினாள்.
"இது என்னக்கா, புதுசா இருக்கே?"
"டிசைன்" என்றேன்.
ரொஹானி பாபின் தேடிக்கொண்டு
மேசைக்கு அடியில் போய்விட்டாள்.
கூலியில் நூற்றைம்பது வெள்ளி கூட்டினேன்.

ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம்.
பஸ் நிறுத்தம், சிவந்த மூக்கு.
வலப்பக்கத்தில் பனி வழுக்கி விழுந்துவிட்டது.
இடப்பக்கத்தில், மேலே பார்க்கும் பட்டைகளில் மட்டும்,
வரிவரியாய்த் தங்கி நிற்கிறது,
அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"இதுவும் டிசைனா அக்கா?"

போன் திரையில் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டு
ஆமா லா
என்று அடித்தேன்.