திறக்கும் முன்

எர்மோசியோவில் ஜூலை.
பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால்
மாடித் தொட்டியில் வெந்த தண்ணீர்தான் வருகிறது.
டெவலப்பருக்கு இருபது டிகிரி வேண்டும்.
அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து
எவர்சில்வர் தொட்டியில் ஐஸ்பாட்டில் இரண்டை மிதக்கவிட்டு
தெர்மாமீட்டரோடு மல்லுக்கு நிற்கிறேன்.
ஒரு மருந்து குளிர்ந்து ஒரு மருந்து கொதித்தால்
ஃபிலிமின் தோல்
வற்றிய குளத்துத் தரைபோல் வெடித்துவிடும்.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு எனக்கு.
செவெரியானோவோடு அப்படி ஒப்பந்தம்.
பாலாடைக்கட்டியும் மிளகாயும் அவனுடைய பீரும் மேலே.
கீழே, மூடி இறுக்கிய பிஸ்கட் டப்பாக்களில்
பதினேழு சுருள்கள்.
ஒருமுறை பீருக்கு இடம்பண்ண
ஒரு டப்பாவை அடுப்பு மேடையில் வைத்து மறந்துபோனான்.
ஞானஸ்நானக் குழந்தை
மூடுபனிக்குள் நின்றது நெகட்டிவில்.
அதன் தாய்க்கு அந்தப் படம் பிடித்துப்போனது தனிக்கதை.

மருந்தை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்கமாட்டேன்.
மிகக் குளிர்ந்தால் அடியில் உப்பாய்ப் பூத்துவிடும்,
பிறகு எவ்வளவு குலுக்கினாலும்
முழுமனதாய்க் கரையாது.
கட்டிலுக்கடியில், டைல்ஸ் தரையில்,
ஈரச்சாக்கு சுற்றிய பழுப்புப் பாட்டில்கள்.
குறையக் குறையக் கோலிக்குண்டு போட்டுக்
கழுத்துவரை நிரப்புவேன்:
காற்றுக்கு இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும்.
பக்கத்து வீட்டு நாசாரியோ
குண்டு கேட்டு ஜன்னலில் தொங்குவான்.
விஷம்டா, என்பேன்.
அப்படியென்றால் பச்சைக் குண்டு மட்டும், என்பான்.

என் தம்பி எலாதியோ திரும்பி வந்தது
ஒரு செவ்வாய்க்கிழமை.
எல்லைக்கு அந்தப்பக்கம் பதினொரு நாள்
அவனைப் போட்டுவைத்திருந்த அறைக்கு
போய்வந்தவர்கள் வைத்த பெயர் ஐஸ்பெட்டி.
ஜன்னல் கிடையாது. விளக்கு அணையாது.
போர்வை என்று ஒரு வெள்ளித்தாள்.

வெளியே நாற்பத்து நான்கு டிகிரி.
அவன் சட்டைமேல் சட்டை போட்டிருந்தான்.
கூலரை நிறுத்து, என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நிறுத்தினேன்.
மூன்றாம் நாள் கட்டிலுக்கடியில்
டெவலப்பர் தேநீர் நிறத்தில் கிடந்தது.
செவெரியானோ அதன் விலையைச் சொன்னான்.
விலை எனக்கும் தெரியும்.
சாக்கடையில் ஊற்றினேன்.
குண்டுகளை மூன்று தண்ணீரில் கழுவி
நாசாரியோவிடம் கொடுத்தேன், பச்சை, நீலம், எல்லாம்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள்.
அடித்தார்களா, சாப்பாடு போட்டார்களா,
எதில் கையெழுத்து வாங்கினார்கள்?
என் நாக்கு நுனியிலும் கேள்விகள் இருந்தன.
ஆனால் இருபது வருடத்தில் நான் கற்றது:
குளிரிலிருந்து எடுத்ததை
உடனே திறக்கக்கூடாது.
திறந்தால் சுற்றியுள்ள ஈரமெல்லாம்
அதன்மேல்தான் போய் இறங்கும்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.
காப்பித்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்லி
அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை ஒரு பெண்ணுக்குப்
பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து.
படம் எடுக்கப் போகவேண்டும்.
கீழ்த்தட்டு டப்பா ஒன்றை மேசையில் வைத்தேன்.
அது முத்து முத்தாய் வியர்த்தது.

ஏன் திறக்கவில்லை, என்றான் எலாதியோ.
ஒரு மணி நேரம் ஆகும்.
ஃப்ரீசரில் இருந்திருந்தால்?
இன்னும் கூட. சிலதுக்கு
ஒரு ராத்திரி முழுக்க.

நாற்காலியை இழுத்துப் போட்டு
அதன் எதிரே உட்கார்ந்தான்.
வழிந்த நீரைச் சட்டைக்கையால் துடைத்தான்.
மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தான்.
மூடியை மட்டும் தொடவில்லை.
லென்ஸ் துடைக்கும் சாக்கில்
நானும் அங்கேயே நின்றேன்.
தெருவில் குண்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

கொஞ்சநேரம் கழித்து
மேல்சட்டையின் முதல் பொத்தானைக்
கழற்றினான்.