அடைத்தால் எரியும் விளக்கு

குழித்துறையில், ஆற்றுப்பாலத்துக்கு இப்பால்,
ரப்பர் ஷீட் காயும் கொட்டகைக்கு மேலே என் அறை.
வாடகை குறைவு,
நாற்றத்துக்குக் கழித்தது போக.

ஒட்டுப்பால் நாற்றம் தெரியுமா உங்களுக்கு?
முதல் வாரம் சட்டையில், அடுத்த வாரம் சோற்றில்,
பிறகு அது இல்லாத இடத்தில்தான்
மூக்கு எதையோ தேடும்.
அதை நம்பித்தான் விதை போட்டேன்.

சஜினைக் களியக்காவிளை செக்போஸ்ட்டில்
தீப்பெட்டியளவுப் பொட்டலத்தோடு பிடித்த அன்று
இனி யாரிடமும் வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தேன்.
விட்டுவிடுவதாகச் செய்யவில்லை.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் நான்.
பாகோட்டில் ஒரு வீட்டில் கம்ப்ரஸர் எரிந்து
எடுத்துட்டுப் போ என்று தந்த இரட்டைக் கதவுப் பெட்டி.
தட்டுகளை உருவினேன். முட்டைக்குழிகளைப் பெயர்த்தேன்.
சுற்றிலும் பரோட்டா பொதிகிற வெள்ளித் தாள்.
செத்த கம்ப்யூட்டரின் விசிறி ஒன்று
அரைத்தூக்கத்தில் முனகியது.

எல்லார் வீட்டிலும் திறந்தால் எரியும், அடைத்தால் அணையும்.
அந்தச் சின்னப் பித்தானை மாற்றி இணைத்தேன்.
அடைத்தால்தான் எரியும்.
என் தொழிலில் நான் செய்த ஒரே அழகான வேலை அது,
யாரிடமும் காட்ட முடியாது.

மரச்சீனிக்குத் தங்கை போல விரல் விரித்தாள்.
அவள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.
தங்கமே, வெளியே மழை என்பேன்.
அவளுக்குக் காற்று என்றால் அந்த விசிறி,
வானம் என்றால் பரோட்டாத் தாள்.

"ராத்திரி ஆருகிட்டடே பேசுக?"
கீழ்வீட்டுப் புஷ்பலீலா அக்கா.
"போனுல."
"கதவிடுக்குல வெட்டம் தெரியுதே."
"உறக்கம் வரல்ல, அக்கா."
அக்கா சிரித்த சிரிப்பில்
என் அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள்.
ஞாயிறு ஆராதனை முடிவதற்குள்
அவளுக்கு ஊரும் ஒன்று கிடைத்துவிட்டது. அருமனையாம்.

இடவப்பாதி மழை பிடித்தது.
பால்வெட்டு நின்றது. கொட்டகையைக் கழுவிவிட்டார்கள்.
மூன்றாம் நாள் ஊரெல்லாம் ஈரமண் வாசம்,
அதன் நடுவில்
என் பெட்டியிலிருந்து ஓர் இழை
படியிறங்கிப் போனது.
அரைக்கிலோ நெத்தோலிக் கருவாடு வாங்கி
நடுச்சாமத்தில் வறுத்தேன்.

மறுநாள் சாளைச் சட்டியோடு அக்கா படியேறி வந்தாள்.
"எனக்க ஃபிரிட்ஜு செத்துப் போச்சு. ஒனக்கதுல வைக்கட்டா?"
கை, கைப்பிடியில்.
குறுக்கே பாய்ந்தேன்.
"இதுல தணுப்பு இல்ல, அக்கா."
"தணுப்பு இல்லாத பெட்டியை
எதுக்குடே கெட்டிப்பிடிச்சிட்டு நிக்க?"
விசிறி முனகியது. அக்கா மூக்கைச் சுளித்தாள்.
என் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தாள்.
பிறகு தட்டில் சாளை இரண்டு வைத்தாள்,
ஒன்றல்ல.
"அவளுக்கும் குடு."

அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கணுக்களில் குட்டிப் பைகள், கொத்துக் கொத்தாக.
பூ இல்லை. பூக்கவும் போவதில்லை.
ஆண்.
எழுபத்தெட்டு நாள் தங்கமே என்று கூப்பிட்டிருக்கிறேன்,
ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை பயல்.

இரண்டு சாளையையும் நானே தின்றேன்,
கதவைத் திறந்துவைத்து.
திறந்ததால் இருட்டு.

விடியுமுன் பாலத்தில் நின்றேன்.
ஆறு செங்கலங்கலாய்ப் போய்க்கொண்டிருந்தது
வாழைத்தடை, தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு,
அவன்.

பெட்டிக்கு வேறு கம்ப்ரஸர் போட்டு
கீழே இறக்கிக் கொடுத்தேன்.
பித்தானையும் பழையபடி மாற்றினேன்.
மீனை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்,
"போயிட்டாளாடே?" என்றாள் அக்கா.
"ஆமா."
"வருவா. வராட்டி வேற ஒருத்தி."
கதவை அடைத்தாள்.

அந்த மாத வாடகையில் நூறு ரூபாய் வாங்கவில்லை.