மற்றக் கை

நாலு பத்துக்குப் பெருவிரல் வந்துவிடும்.
நாலரைக்கு ஆள்காட்டி.
நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றாய் வரும்,
கடைசி அழைப்புக்கு ஓடிவரும் பயணிகள் போல.
சுண்டுவிரல் அதன் இஷ்டம்.
ஆறு மணிக்கு வண்டி.
அதற்குள் இது
கத்தி பிடிக்கத் தெரிந்த கையாக வேண்டும்.

சொஹாரில் பெரிய கடை, மீன் பகுதி.
சீலாவுக்கு இங்கே கனத் என்று பேர்.
வட்டம் வட்டமாய்ப் போடு, தலையை இரண்டாக்கு,
தோலை உரி, முள்ளை எடு;
கேட்கிறவர் கேட்டபடி வெட்டிக் கொடுப்பேன்.
மீன் ஒன்றும் செய்யாது.
ஐஸ்தான்
ஒவ்வொரு மொளியாய்த் தேடிவந்து கடிக்கும்.

டாக்டர் ஹனான் சொன்னார்:
சீனியைக் குறை, வறுத்ததை விடு,
எண்ணெய் உள்ள மீன் சாப்பிடு, சாளை மாதிரி.
டாக்டர், நான் மீனுக்குள்தானே நிற்கிறேன் என்றேன்.
நிற்பது போதாது என்றார்.
அன்றிலிருந்து
சீலா மற்றவர் வீட்டுக்கு,
முந்நூறு பைசாச் சாளை எனக்கு.

அறையில் ஆறு பேர், ஆறு வைத்தியம்.
பிலால் ஹொசைன் கருஞ்சீரக எண்ணெய் தந்தான்.
மூக்கைப் பிடித்து ஒரு ஸ்பூன்.
மஞ்சளும் மிளகும் ஒட்டகப் பாலில், என்றான் தேஜ்பகதூர்;
ஒட்டகத்தைச் சாலையோரப் பலகையில் மட்டும் பார்த்தவன்.
எல்லாம் குடித்தேன்.
பொரோட்டாவை விட்டதுதான் விரதம்.
வெள்ளிக்கிழமை மத்தியானம்
கல்லில் அது தட்டப்படும் சத்தம் கேட்டால்
சாலையின் அந்தப் பக்கம் நடப்பேன்.

மெர்சிலின் முடக்கறுத்தான் கீரையை
நிழலில் காயவைத்து, இடித்து, சலித்து
ஒரு மாலுமி கையில் கொடுத்துவிட்டாள்.
பெயரிலேயே மருந்து இருக்கிற கீரை.
மஸ்கட் விமான நிலையத்தில் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.
பச்சைத் தூள்.
மோந்து பார்த்தார் ஒருவர், பிறகு இன்னொருவர்,
பிறகு ஒரு நாய்.
நாய்க்கு ஒன்றும் தோன்றவில்லை.
ஆனாலும் குப்பையில் போட்டார்கள்.
மாலுமி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

உம்மு ஹைதம் வாராவாரம் வருவார்.
மீனைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார் ஒருநாள்.
மறுவாரம் ஒரு சின்னப் பை:
லுபான், பச்சை ஒளிரும் கட்டிகள்.
இரவில் தண்ணீரில் போடு, விடிந்ததும் குடி.
காலையில் தண்ணீர் பால் கலங்கியிருந்தது.
குடித்தால் வாய்க்குள் ஒரு தேவாலயம்.
பூசை நேரத்துப் புகையைக்
குடிக்கக் கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் விரல்கள் நாலு மணிக்கே வந்தன.
ஐந்தும்.
அந்தக் கர்வத்தில்
வாரம் ஒருமுறை போடும் மஞ்சள் மாத்திரையை நிறுத்தினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லாத இரண்டு மாதம்.

நோன்பு மாதத்துச் சாயங்காலம், கூட்டம் நெரிகிறது,
கத்தி என் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
அது தரையில் கிடந்தது.

டாக்டர் திட்டவில்லை.
இரத்தம் எடுக்க எழுதினார்.
லுபான் நானும் குடிக்கிறேன்,
அதற்காக மாத்திரையை ஏன் கோபித்தாய் என்றார்.

இரவு மெர்சிலின் வீடியோவில் வருவாள்.
எப்படி இருக்கு என்று கேட்கமாட்டாள்.
கையை மூடிக் காட்டுங்க, அவ்வளவுதான்.
அந்த இரண்டு மாதமும், அதற்குப் பிறகும்
இறுக்கி மூடிக் காட்டினேன்,
இடக்கையை.
போனில் இடம் வலம் மாறித் தெரியும்,
யாருக்குத் தெரியப்போகிறது என்று.

நேற்று சிரித்தாள்.
"அது கெளுத்தி முள்ளு குத்துன கை.
தழும்பு எனக்குத் தெரியாதா?
மத்த கையக் காட்டுங்க."

காட்டினேன்.
பெருவிரல் மடங்கியது. ஆள்காட்டி மடங்கியது.
மீதிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில்
ஒரு சாளை நுழைகிற இடைவெளி.

அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பக்கத்துக் கட்டிலில் யாரோ புரண்டார்கள்.
"வெள்ளிக்கிழமை பொரோட்டா தின்னீங்களா?"
பாதி, என்றேன்.