செருப்புக் கணக்கு

காலை ஆறரை. வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
தண்ணீர் நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும்.
நீல மூடியோடு ஒட்டியபடி ஒரு சின்னக் கரண்டி,
பொம்மைக் கல்யாணத்தில் பாயசம் பரிமாறுகிற அளவு.
பழைய பத்திரிகையின் காணி விளம்பரப் பக்கத்தை விரித்து
நாற்பத்தேழு வயதில்
என்னுடையதை நான்
முதல்முறையாக உற்றுப் பார்த்தேன்.

பெயர், திகதி, நேரம்.
பேரேட்டில் எழுதுவதைவிடத்
திருத்தமாய் வந்தது கையெழுத்து.
மூன்று சொப்பிங் பேக். அதற்கும் மேலே
சேலைக் கடைப் பை ஒன்று.
பார்க்கிறவர்கள் நல்லதாய் ஏதும் நினைக்கட்டும்.

நினைத்தார்கள்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து மனுசி
"கலியாண வீடோ?" என்றாள்.
தலையாட்டிவிட்டேன்.
பம்பலப்பிட்டி தாண்டும்வரை
பொம்பிளை எந்த ஊர், மாப்பிள்ளைக்கு என்ன வேலை
எல்லாம் இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

கொள்ளுப்பிட்டியில், வாசல் காவலாளி
பையைத் திறக்கச் சொன்னார்.
சிங்களத்தில், மரியாதையாகத்தான்.
இந்த வீதியில் நான் திறந்து காட்டிய பைகளுக்குக்
கணக்கில்லை.
இன்றைக்கு மட்டும்
எட்டிப் பார்த்தவரே அவசரமாய் மூடினார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அடக்கிக்கொண்டு படியேறினேன்.

"இந்து... மாலனி?"
லேப் பெட்டை செவ்வந்தி கூப்பிட்டாள்.
மாலினி என்று திருத்தவில்லை.
பதிவுத் தபால் வாங்குகிற மாதிரி வாங்கினாள்,
வெட்கப்பட எனக்கு இடமே தராமல்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட்.
கல்ப்ரொடெக்டின், கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம்:
நூற்றி எண்பத்தாறு.

"ஐம்பதுக்குக் கீழே என்றால் பயமில்லை,"
என்றார் டொக்டர் ஃபஸ்மினா.
"இருநூறு, இருநூற்றைம்பது தாண்டினால்
கமரா விட்டுப் பார்ப்பம்.
லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.
வெள்ளை அணு இருக்கெல்லோ, அது சிப்பாய் மாதிரி,
குடலில் புண் என்றால் படை படையாய்..."

"சிப்பாய் வேண்டாம் டொக்டர்.
வேற ஏதும் சொல்லுங்கோ."

பேனையை வைத்தார்.
ரிப்போர்ட்டில் இருந்த பெயரைப் பார்த்தார்,
பிறகு என்னை.

"சரி. ஒரு வீடு.
உள்ளே போக எங்களுக்கு வழியில்லை.
வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணலாம்.
நாலு சோடி என்றால் வீட்டு ஆட்கள்.
நாற்பது சோடி என்றால் உள்ளே என்னவோ நடக்குது.
கலியாணமோ செத்த வீடோ,
அதைச் செருப்புச் சொல்லாது.
அந்த அணுக்கள் விட்டுப்போகிற புரதம்தான்
உங்கட ரிப்போர்ட்டில் இருக்கிறது."

கொஞ்சம் பொறுத்து,
"இடுப்பு நோவுக்கு ஏதும் குளிசை?"

மார்ச் முழுக்க.
வருடக் கணக்கு முடிக்கிற கதிரை அப்படி.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
சில நாள் மத்தியானமும்.

"அதுவும் ஆட்களைக் கூட்டும். நிப்பாட்டுங்கோ.
ஆறு கிழமையால் திருப்பிப் பார்ப்பம்.
இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ,
நிறை குறைந்தாலோ
ஆறு கிழமை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்."

புறக்கோட்டை இரும்புக் கடையில்
இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதுகிறேன்.
ஒன்றில் வரவு, ஒன்றில் செலவு.
எந்தப் பக்கமும் சேராத தொகையைத்
தொங்கல் கணக்கில் போடுவோம்,
முதலாளி கேட்கும்வரை.
அன்று பின்னேரம் பென்சிலால்
பேரேட்டின் கடைசி ஒற்றையில் 186 என்று எழுதி
அழித்துவிட்டேன்.

இரண்டாவது போத்தலை முன்கூட்டியே தந்துவிட்டார்கள்.
குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கிறது.
பெயர் எழுதியாயிற்று. திகதி இல்லை.

நேற்றிரவு படியேறி வரும்போது
எதிர்வீட்டு வாசலில் பதினொரு சோடி.
ஒன்று பிள்ளையினுடையது.
ஒன்றின் வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது.
திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு
காதைக் கொடுத்தேன்.
சிரிப்புமில்லை, அழுகையுமில்லை.
யாரோ கதிரை ஒன்றை
இழுக்கிற சத்தம் மட்டும்.