ப்ராப் முப்பது

மவுண்ட் காம்பியர். அதிகாலை மூன்றரையிலிருந்து
மூடுபனி, ப்ராப் முப்பது.
அச்சடித்த தாளில் அரை வரி.

இந்த மொழியில் இரண்டே எண்கள்:
முப்பது, நாற்பது.
முப்பதுக்குக் கீழே என்றால் வாயே திறக்கமாட்டார்கள்.
ஐம்பதைத் தொட்டுவிட்டால் 'வரலாம்' போய்
'வரும்' என்றே எழுதிவிடுவார்கள்.
நம் 'லாம்' வால் ஆட்டுவதெல்லாம்
இடையில் கிடக்கிற அந்தச் சந்துக்குள்தான்.

இன்டர் என்றால் அரை மணி எரிபொருள் கூடுதல்.
டெம்போ என்றால் ஒரு மணி.
முதன்முதலில் அதைப் படித்தபோது
வெங்காய மூட்டை ஏற்றிய மூன்று சக்கர டெம்போ ஒன்று
ஓடுபாதையில் குலுங்கி வந்தது எனக்கு.
முப்பது பனி என்றால்
அடிலெய்டுக்கே திரும்பி வரும் அளவுக்கு.

நூறு இரவில் எழுபது இரவு
சும்மா சுமக்கிற பாரம் அது.
சொன்னால், குழாயைப் பிடித்தபடியே கேட்பான் கிரெய்க்:
"இன்றைக்கு அந்த எழுபதில் ஒன்றா?"

செவ்வாய்க்கிழமை மருத்துவரும் முப்பது என்றார்.
வயதைப் பார்த்தால் நல்ல எண்தான் என்றார்.
பூங்கோதை என் பக்கம் திரும்பினாள்:
நீதானே முப்பதைப் படித்தவன், சொல்.

மழைப்பேறும் பிள்ளைப்பேறும்
மகாதேவனும் அறியான் என்பார்கள்.
மழைக்காவது
ஆறு மணிக்கொரு அறிக்கை வருகிறது.

கெட்ட முப்பதுக்கு எதை நிரப்புவது என்று தெரியும்.
நல்ல முப்பதுக்கு?
சின்ன அறையில் இருக்கும் இஸ்திரி மேசையை
வெளியே எடுப்பதா, இருக்கட்டும் என்று விடுவதா?
நான் பார்க்கிங் சீட்டைத் தேடினேன்,
சட்டைப்பையிலேயே இருந்ததை.

நாலேமுக்காலுக்கு இறங்குமுகம்.
பைன் காடுகள் கரித்துண்டால் தேய்த்தது போல.
ஓடுபாதை விளக்குகள் இரு வரிசையும்
எண்ணிவிடலாம் போலத் தெளிவு.
பனி வரவில்லை.
பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது;
முப்பது என்றவர்கள்
எழுபதையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்கள்.

ரத்தப் பைகளின் பெட்டியை ஒப்படைத்துவிட்டு
தொட்டியில் மிஞ்சியதை அளந்து எழுதினேன்.
நிறைய மிஞ்சியிருந்தது.

அலைபேசியை உயிர்ப்பித்தால் ஒரு செய்தி,
மூன்றரைக்கு அனுப்பியது:
'வந்ததும் அந்த மேசையை
வராந்தாவுக்கு மாத்திடு.
நான் தூக்கமாட்டேன்.'