அரைப் பேர்

சேரம்பாடிப் பக்கம் எங்கள் டிவிஷனில் செல்போனுக்கு
ஒன்பதாம் நம்பர் மலையில்தான் உயிர் வரும்.
அதுவும் மேல் வரிசையில்,
சில்வர் ஓக் மரத்துக்கு இடப்பக்கம் நின்றால்.

செவ்வாய்க்கிழமை அங்கே நிரை பிடித்தேன்.
இடுப்பில் கட்டிய படங்குக்குள்
மூன்று தடவை துடித்தது.
நிர்மலாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.
தங்கள் மகன் ஞா. கிருஷாந்த் இன்று பள்ளிக்கு வருகை தரவில்லை.
தங்கள் மகன் ஞா. கிருஷாந்த் இன்று.
தங்கள் மகன்.
மூன்று ‘இன்று’. எது எந்த நாள் என்று
நிர்மலாவுக்கும் தெரியவில்லை.

காலையில் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது நான்.
டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் திரும்பியது.

சூப்பர்வைசர் நோட்டை விரித்தார்:
நடுவில் போனால் அரைப் பேர்தான்.
எங்கள் தோட்டத்தில்
ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர்.
பாதிப் பெயரோடு மேடேறிப்
பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

ஜெசிந்தா டீச்சர் உட்காரச் சொன்னார்.
கம்பியில் குத்தியிருந்த காகிதங்களில்
ஐந்தை உருவி மேசையில் பரப்பினார்.
கோபமில்லாமல் விதியைச் சொன்னார்:
மெசேஜ் காலையிலேயே போய்விடும். கடிதம் மறுநாள் வரும்.
பெற்றவர் கையெழுத்து இருந்தால் விடுப்பு.
இல்லாவிட்டால் ஆப்சென்ட்.
கையெழுத்தே பொய் என்றால்
அதற்குத் தனி நோட்டு, தனி விசாரணை.

எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
ஜூன் பதினெட்டு: அம்மாவுக்குக் கடும் காய்ச்சல்.
ஜூலை மூன்று: அம்மா காலில் அட்டை கடித்த புண் பழுத்துவிட்டது.
பிறகொரு நாள்: அம்மா இரவெல்லாம் இருமினார்.
ஆகையால் எனக்கு ஒரு நாள் விடுப்பு தருமாறு

ஒன்றும் பொய்யில்லை.
ஜூன் பதினெட்டில் காய்ச்சலோடு முழுப் பேர் போட்டேன்.
மழையில் இருபத்தேழு கிலோ.
என் காய்ச்சலுக்கு யாராவது
லீவு எடுக்க வேண்டும் போல.
அவன் எடுத்திருக்கிறான்.
எடுத்து, எனக்கென்ன செய்தான்?
அன்று வீடு திரும்பியபோது அடுப்பில் வெந்நீராவது இருந்ததா?
யோசித்துப் பார்த்தேன். இல்லை.
அவன் சட்டையில் கேரம் போர்டு பவுடர்தான் இருந்தது.

“இது உங்கள் கையெழுத்தா, செவனம்மா?”

இரவுப் பள்ளியில் கற்றது.
முன்னெழுத்து ஞ எனக்கு எப்போதும்
வயிறு சரிந்து பக்கத்து எழுத்தின் மேல் சாயும்.
இந்தக் காகிதங்களில் அது நிமிர்ந்து நின்றது,
ஒருநாளும் கூடை சுமக்காதவள் மாதிரி.

“என்னுடையதுதான்.”
“அப்படியானால் இங்கே ஒன்று போடுங்கள்.”

பேனாவை வாங்கினேன்.
என் பெயரை, என் மகனின் கையைப் போல,
மூச்சை அடக்கித் திருட்டுத்தனமாக எழுதினேன்.
டீச்சர் இரண்டையும் பார்த்தார்.
என்னையும் பார்த்தார்.
சாரல் அடிக்கிறதென்று எழுந்து ஜன்னலை மூடினார்.
பிறகு ஐந்து கட்டங்களில் சிவப்பை அடித்து
‘வி’ என்று எழுதினார்.

லைன் வீட்டுக்கு வந்ததும்
அவன் முதுகில் இரண்டு வைத்தேன். அது என் விதி.
அவன் அழவில்லை.
“ஞ சரியா வந்துச்சாம்மா?” என்றான்.

மறுநாளும் ஒன்பதாம் நம்பர்.
பையன் பள்ளிக்குப் போனான் என்றால்
ஒரு செய்தியும் வராது.
சில்வர் ஓக்குக்கு இடப்பக்கம்
அந்த வராத செய்திக்காகக்
கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன்.
எடை போட்டபோது
இரண்டு கிலோ குறைவு.